முதல் விருந்தாளி வரும் வரை

தம்பி,

அந்தக் கல்யாண மண்டபத்தில் நான் முதலில் கவனித்தது நாற்காலிகளைத்தான். எங்களுக்குப் புடவை கட்டிக்கொள்ளக் கொடுத்தது நாற்காலிகளைப் போட்டுவைக்கும் அறை. ஒன்றின்மேல் ஒன்றாக என் தலைக்கு மேலே போகும்படி சுவரோரம் முழுக்க அடுக்கியிருந்தார்கள். அத்தனை நாற்காலிகளுக்கு நடுவே நாங்கள் ஐந்து பெண்களும் நின்றுகொண்டிருந்தோம். எனக்கு அது வேலையில் முதல் நாள். மற்றவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்று யோசிக்காமல் ஒன்றை இழுத்துப் போட்டு உட்காரப் போனேன். எங்களை அழைத்துப் போகும் மேரியக்கா ஓடி வந்து தோளைப் பிடித்துத் தூக்கினார். "இன்னாம்மே பண்ற? உக்காந்தா மடிப்பு பூடும். எவ்ளோ நேரம் அயர்ன் பண்ணி பின்னு குத்திகீறோம், தெரியல?" என்றார். பக்கத்தில் நின்ற தேவி, "புதுசுக்கா, உடு. நாளைக்கு கால் வீங்குனா தானா கத்துக்கும்" என்று சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து அந்த அறைதான் என் நினைவில் நிற்கிறது. நீ சொன்னதற்கெல்லாம் நான் "ஆங்" போட்டேன். உனக்குத்தான் தெரியுமே, போனில் எனக்கு வாய் வராது. நேரில் மட்டும் வருகிறதா என்ன? கடையில் போய் நின்றால், பின்னால் வந்தவர்கள் எல்லாரும் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் என் முறை வரும். நீ கூட இருந்தவரை எனக்கும் சேர்த்து நீ பேசினாய். இப்போது நீ இல்லை, அதனால் எழுதுகிறேன். என் "ஆங்"கைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை அந்த ஆபீசர் முன்னால் போய் நின்றுவிடாதே. இவ்வளவு நீளமாக எழுதுவது அதற்காகத்தான். நீ முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

உனக்குப் புத்தி சொல்ல நான் யார் என்று நீ கேட்க மாட்டாய். கேட்டால் நியாயம்தான், உன்னைவிட எனக்கு ஒன்றும் அதிக வயதில்லை. அம்மா இறந்துபோனபோது நீ எட்டாவது, நான் பத்தாவது. நைனா லாரியோடு போனவர் திரும்பவில்லை. ரேணிகுண்டாவில் அவருக்கு வேறு வீடு இருக்கிறது என்று நமக்குத் தெரிந்ததும் அந்த வருடம்தான். வீட்டில் ஒருவர் இருக்க வேண்டியிருந்தது. நான் இருந்துவிட்டேன். உன் ரேங்க் கார்டில் பெற்றோர் கையெழுத்துப் போடும் இடத்தில் என் பெயரைத்தான் எழுதினேன். உன் பள்ளியில் கூட்டம் போட்டபோது அம்மாவின் நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். உன் கணக்கு வாத்தியார் என்னிடம் என்னென்னவோ சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு உன் வகுப்புப் பையன்கள் என்னைத் தெருவில் பார்த்தால், "டேய், உங்க சின்னம்மா வர்றாங்கடா" என்று கத்துவார்கள். நீ ஒருவனை அடித்துவிட்டு சட்டை கிழிந்து வந்தாய். அந்தச் சட்டையைத் தைத்துக்கொண்டே நான் சிரித்தேன். இனிமேல் நான் அப்படித்தான் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றிவிட்டது. பெற்றவள் எழுத வேண்டிய கடிதம் இது. அவள் இல்லாததால் நான் எழுதுகிறேன்.

நீ ஆனியில் வேலைக்கென்று போனாய். ஆடி பிறந்ததும் கல்யாணம் இல்லை, எனக்கு வேலையும் இல்லை. ஆவணியில் கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் போக வேண்டும். அதுவரை நான் இந்த வேலையில் இருக்கிறேனா இல்லையா என்று எங்களைக் கல்யாணங்களுக்கு அனுப்பும் ஏஜென்சிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஊரோ நிரம்பி வழிகிறது. கிருத்திகைக்குச் சித்தூர் பக்கமிருந்தும் வேலூர் பக்கமிருந்தும் காவடி தூக்கிக்கொண்டு கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். நம் தெருவிலேயே மொட்டைத் தலைகளில் சந்தனம் பூசிய குழந்தைகள் ஓடுகின்றன. மலைமேலே மைக், கீழே மேளம். வாசலைத் திறந்தால் அவ்வளவு பேர், உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டால் நான் மட்டும். முந்தாநாள் முழுக்க நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதே சாயந்திரம் பால்காரர் கேட்டபோதுதான் தெரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. விரலைக் காட்டி ஒரு பாக்கெட் வாங்கினேன். சோற்றை இன்னும் உனக்கும் சேர்த்தே வடிக்கிறேன். அளவைக் குறைக்கக் கை வரமாட்டேன் என்கிறது. உன்னைக் கலங்கடிக்க இதைச் சொல்லவில்லை. "வூடு பாத்துட்டேன் கா, வந்துடு" என்று நீ சொன்னபோது நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். அந்த ஆசையோடுதான் மற்றதையும் எழுதுகிறேன்.

நீ அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தாய். உன் வேலையை எனக்குப் புரியும்படி சொன்னாய். அந்தத் தொழிற்சாலையில் கம்பெனியே நேராக வைத்த ஆட்கள் கேட்டில் நுழையும்போதே கார்டைக் காட்டுகிறார்கள், அப்போதே அவர்களுடைய நேரம் ஆரம்பிக்கிறது. காண்ட்ராக்டர் மூலமாக வந்த பெண்களுக்கு வருகையைப் பதியும் மெஷின் உள்ளே, வேலை நடக்கும் லைனின் வாசலில் இருக்கிறது. அங்கே போய்ச் சேருவதற்குள் அவர்கள் பையைச் சோதிக்கும் வரிசையில் நிற்க வேண்டும், வளையலையும் கம்மலையும் கழற்ற வேண்டும், கால் கழுவி வேறு செருப்பு போட வேண்டும், கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு பெல் அடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பெல் அடித்ததும் ஒவ்வொருவராக முகத்தை மெஷினில் காட்டுகிறார்கள். அதைச் சரிபார்ப்பது காண்ட்ராக்டர் ஆபீசில் இருக்கும் உன்னுடைய வேலை. சொல்லிவிட்டு நீ ஒரு கதையும் சொன்னாய்.

"நம்ம பள்ளிப்பட்டு பக்கத்து அக்கா ஒண்ணு கீதுக்கா, சரோஜான்னு. நம்ம அம்மா வயசு இருக்கும். டெய்லி எங்கூட சண்டை. 'கோழி கூவுறதுக்கு முன்னாடி கம்பெனி பஸ் ஏறிட்டேன், இப்பதான் வந்தேன்னு சொல்றியே தம்பி'ன்னும். நான் சொன்னேன், 'பஸ்ல தூங்கிகினுதானே வந்த? அது உன் டைமு'. எல்லாம் சிரிச்சிட்டாங்க. 'உங்க வூட்ல பொம்பளைங்க யாரும் வேலைக்குப் போறதில்லயா'ன்னு கேட்டுச்சு. நான் உடுவனா? 'எங்க அக்கா போவுதே. சும்மா நிக்கிறதுக்கே காசு குடுக்கறாங்க'ன்னேன். அதுக்கும் எல்லாம் சிரிச்சாங்க."

அதற்கும் நான் "ஆங்" என்றேன்.

பிறகுதான் நீ குரலைத் தாழ்த்தினாய். அந்தச் சரோஜாக்கா போன வாரம் கால் கழுவும் இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. அவரைத் தூக்கி உட்காரவைத்தது நீதான். திங்கட்கிழமை ஆபீசர் ஒருவர் விசாரிக்க வருகிறார். டூட்டி ஆரம்பிப்பதற்கு முன்னால் விழுந்தார் என்று மட்டும் நீ சொல்ல வேண்டும் என்று உன் காண்ட்ராக்டர் சொல்லியிருக்கிறார். நீ அப்படிச் சொன்னால் அவர் விழுந்தது வேலையில் இல்லை என்று ஆகிவிடும். மருத்துவச் செலவும் எலும்பு கூடும்வரை வீட்டில் இருக்கும் நாட்களும் அவர் பாடு. சொல்லிவிட்டால் காண்ட்ராக்டர் உன்னைக் கம்பெனி ஆளாகவே எடுத்துக்கொள்ளச் சிபாரிசு செய்வாராம். "பொய் இல்லக்கா இது. மெஷின்ல அந்தம்மா பேரே இல்லியே? கம்பெனி ரோல்ல போட்டாங்கன்னா வூட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துடுவேன். நீ அந்த நிக்கிற வேலைய உட்டுட்டு வந்துடு" என்றாய்.

என் வேலையைப் பற்றி நான் உன்னிடம் சொன்னதே இல்லை. நீ கேட்டதும் இல்லை. ஃபங்ஷன் முடிந்து வந்தால் நீ தூங்கிக்கொண்டிருப்பாய், காலையில் உனக்குப் பரீட்சை இருக்கும். வாசலில் நின்று பன்னீர் தெளித்து, சந்தனமும் கற்கண்டும் நீட்டி, வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கும் வேலை என்று உனக்குத் தெரியும். அவ்வளவுதான் வேலை என்று நானும் நினைத்தேன். வைகாசியில் அரக்கோணம் ரோட்டு மண்டபத்தில் நடந்த ஒரு வரவேற்பைச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் சென்னைப் பக்கத்திலிருந்து வர வேண்டும். வந்த பஸ் கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுபோனது. எங்களுக்குப் பிற்பகலிலேயே பின் குத்தி முடித்துவிட்டார்கள். அது ஏஜென்சியின் புடவை, ஐந்து பேருக்கும் ஒரே நிறம். பின் குத்திய பிறகு உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது, முகத்தைத் தொடக் கூடாது. தண்ணீர் குடிக்கக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போனால் அத்தனை பின்னையும் எடுக்க வேண்டும், அதனால் யாரும் குடிப்பதில்லை. எங்கள் நேரம் எப்போது ஆரம்பிக்கிறது தெரியுமா? முதல் விருந்தாளி வாசலில் கால் வைக்கும்போது. அதிலிருந்து இத்தனை மணி நேரம் என்று கணக்கு வைத்து ஒரு ஃபங்ஷன். அதைத் தாண்டி நீண்டால் மேலே கொஞ்சம் சேர்த்துத் தருவார்கள். வேனில் வந்தது, புடவை கட்டியது, நின்றது எதுவும் அதில் சேராது.

எங்கள் வேனை ஓட்டுகிறவர் நகரிக்காரர். எல்லாரும் பாவா என்று கூப்பிடுவதால் நாங்களும் பாவா என்போம். அவர் காலை ஜன்னலுக்கு வெளியே நீட்டி வேனிலேயே படுத்திருந்தார். பஸ் எங்கே வருகிறது என்று கேட்கத் தேவி அவரிடம் போனாள், கூட நானும் போனேன். "எவ்ளோ லேட்டா வந்தா எனக்கென்னம்மா? எனக்கு வெயிட்டிங் சார்ஜ் ஓடிகினு கீது. தூங்குனாலும் ஓடும்" என்றார். "கொறட்டைக்கு தனி ரேட்டா பாவா?" என்று தேவி கேட்டாள். "ஆங், அதுக்கு ஜிஎஸ்டி கூட கீது" என்றார். தேவி விடவில்லை. "உனக்கு ஓடுது, எங்களுக்கு ஏன் பாவா ஓட மாட்டேங்குது?" என்றாள். அவர் கண்ணைத் திறக்காமலேயே, "வண்டி நின்னா ஓனருக்கு நஷ்டம் மா. நீ நின்னா யாருக்கு நஷ்டம்?" என்றார். கேலியாகத்தான் சொன்னார். நாங்களும் சிரித்துக்கொண்டே திரும்பினோம். அன்றைக்கு மண்டபத்தில் இருந்தது போதாமல் வெளியிலிருந்தும் நாற்காலி எடுத்திருந்தார்கள். அதற்கு வாடகை டெம்போவிலிருந்து இறக்கிய நேரத்திலிருந்து என்று அந்த ஆட்கள் மண்டபத்து மேனேஜரிடம் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் மாதச் சம்பளக்காரர். கதவைத் திறந்ததிலிருந்து அவர் வேலையில் இருக்கிறார், அதை யாரும் அவரிடம் கேட்பதில்லை. அவர் உட்கார்ந்தபடியே தலையாட்டினார்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் கேட்டில் வண்டிச் சத்தம் கேட்டது. மேரியக்கா, "வந்துட்டாங்க, வந்துட்டாங்க, ஓடு! சிரி, சிரி!" என்று எங்களைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவ்வளவு நேரம் நின்ற காலோடு ஓடிப்போய் வரிசையில் நின்றோம். பன்னீர்ச் செம்பு என் கையில் இருந்தது. வண்டி சமையல்கட்டுப் பக்கம் போகாமல் முன்வாசலிலேயே வந்து நின்றது. கதவு திறந்து ஒரு பெண்மணி இறங்கினார். நான் குனிந்தபடியே தெளித்தேன். எனக்கு யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க வராது, அதுதான் தப்பாகப் போயிற்று. அவர் கண்ணை மூடி நின்றார். அடுத்தவர் மேல் தெளித்தேன். தேவி சந்தனத்தை நீட்டினாள். மூன்றாவது ஆள் இறங்கியபோது அவர் கையில் துடைப்பமும் வாளியும் இருந்ததைப் பார்த்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் இலை எடுக்க, துடைக்க வந்தவர்கள் அவர்கள். நாதஸ்வரக்காரர்கள் வேறு வாசிக்க ஆரம்பித்துவிட்டிருந்தார்கள். மேனேஜர் ஓடி வந்து தலையில் அடித்துக்கொண்டார். மண்டபமே சிரித்தது. எனக்கு அங்கேயே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. முதலில் இறங்கிய அந்தப் பெண்மணி மட்டும் நகரவில்லை. "எத்தினியோ கல்யாணத்துல எல எடுத்துக்கீறேன். எம் மேல ஒருத்தரும் பன்னீர் தெளிச்சதில்ல. இன்னொரு தடவ தெளி மா" என்றார். நான் தெளித்தேன். இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்துத் தெளித்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் பஸ் இருட்டி வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. ஃபங்ஷன் முடிந்து ஏஜென்சிக்காரர் கணக்குப் பார்க்க வந்தபோது தேவி இதையே பிடித்துக்கொண்டாள். "பன்னீர் தெளிச்சதுலேர்ந்துதானே சார் எங்க டைமு? தெளிச்சாச்சே!" என்றாள்.

"யார் மேல தெளிச்சீங்க? எல எடுக்க வந்தவங்க விருந்தாளியா?"

"வாசல்லதானே சார் வந்தாங்க? மோளம்கூட அடிச்சாங்களே!"

"பத்திரிகை வாங்குனவங்கதான்மா விருந்தாளி. சும்மா நின்னதுக்கெல்லாம் யாருனா குடுப்பாங்களா?"

மேரியக்கா தரையைப் பார்த்தார். அடுத்த ஃபங்ஷனுக்குக் கூப்பிட வேண்டுமே என்ற பயம் அவருக்கு. அப்போது ஒரு குரல், "அப்ப அவங்க வர்ற வரைக்கும் நாங்க வூட்டுக்குப் போயிருக்கலாமா சார்?" என்று கேட்டது. அது என் குரல்தான் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர், "எப்படிப் போவ? எப்ப வருவாங்கன்னு யாருக்குத் தெரியும்? திடுதிப்புனு வந்து நின்னா வாசல்ல யார் நிக்கிறது?" என்றார். சொல்லிவிட்டு நோட்டுகளை எண்ணினார். மேலே சேர்த்து எதுவும் தரவில்லை. நான் கேட்டதால் தந்துவிட்டார் என்று கதை சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் தரவில்லை.

வேனில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நமக்கு இது புதிதும் இல்லை தம்பி. அம்மா மாம்பழக் கூழ் தொழிற்சாலைக்குப் போன கோடை உனக்கு நினைவிருக்கிறதா? பழ லாரி வந்தால்தான் அங்கே வேலை. வராத நாளில் கேட்டுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பெண்கள் எல்லாரும் வெறுங்கையோடு திரும்புவார்கள். அப்படித் திரும்பிய ஒரு நாள் நீ ஓடிப்போய், "இன்னிக்கு லீவாம்மா?" என்று கேட்டாய். "லீவுன்னா உங்கூட வூட்ல இருந்திருப்பனேடா" என்றார் அம்மா. அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அந்த நாளை அம்மாவும் வைத்துக்கொள்ளவில்லை, தொழிற்சாலையும் எடுத்துக்கொள்ளவில்லை. அது எங்கே போயிற்று என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது.

நீ சொன்னதில் ஒன்று எனக்கு வலித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நிற்பதற்கு எங்களுக்குக் காசு கொடுக்கவில்லை. சிரிப்பதற்குத்தான் கொடுக்கிறார்கள். நிற்பது எங்கள் சொந்த நேரத்திலிருந்து போகிறது. நீ அதைச் சொல்லி அவ்வளவு பேரைச் சிரிக்கவைத்தபோது, அந்த வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தியாவது நம் வீட்டைப் பற்றி நினைத்திருப்பாள். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் வந்தால் எனக்கு எழுதவே வராது. நீ நல்ல வேலையில் சேர்ந்துவிட்டாய், நான் கஷ்டப்படக் கூடாது என்று நினைக்கிறாய், அதைச் சொல்லத்தான் அப்படி உளறினாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் உன் கையில் இப்போது ஒரு மெஷின் இருக்கிறது. அது எப்போது திறக்கிறதோ அப்போதுதான் மற்றவர்களுடைய நாள் ஆரம்பிக்கிறது. எங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தால் அது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

கேட்டுக்குள் நுழைந்த பிறகு சரோஜாக்கா திரும்பிப் போயிருக்க முடியுமா? ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்றால் வாட்ச்மேன் விட்டிருப்பாரா? அவர் வளையலைக் கழற்றியது யாருக்காக? செருப்பைக் கழற்றிக் கால் கழுவியது அவருடைய வீட்டுப் படியில் ஏறுவதற்கா? அவர் தன் வேலைக்காக அந்த ஈரத்தில் கால் வைத்தார், விழுந்தார். அதை நீ பார்த்தாய், நீதான் தூக்கினாய். மெஷின் பார்க்கவில்லை என்கிறாய். மெஷின் அங்கே இல்லை, அதனால் பார்க்கவில்லை. நீ இருந்தாயே.

சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் வந்த நேரம் சேருமா, கோட்டு மாட்டிய நேரம் சேருமா, கம்பெனி ஆளுக்கு ஒரு மாதிரியும் காண்ட்ராக்ட் ஆளுக்கு ஒரு மாதிரியும் இருக்கலாமா, இதெல்லாம் அந்த ஆபீசருக்குத் தெரிந்திருக்கும். அதை அவர் பார்த்துக்கொள்ளட்டும். டூட்டிக்கு முன்னாலா பின்னாலா என்று முடிவு சொல்ல வேண்டியது நீ இல்லை. கேட்டுக்குள் வந்திருந்தார், பையைச் சோதித்திருந்தார்கள், கால் கழுவிக்கொண்டிருந்தார், வழுக்கினார், நான் தூக்கினேன். இதை வரிசையாகச் சொன்னால் போதும். உன் காண்ட்ராக்டரைத் திட்ட வேண்டாம். யாரையும் எதிர்த்துப் பேச வேண்டாம். பார்த்ததைப் பாதியில் நிறுத்தாமல் சொல்.

அப்படிச் சொன்னால் உன்னைக் கம்பெனி ஆளாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இருக்கிற வேலையும் போகலாம். வீடு எடுக்க முடியாது. நான் இங்கேயேதான் இருக்க வேண்டியிருக்கும். இதை யோசிக்காமல் நான் எழுதவில்லை. உன்னோடு வந்து இருந்தால், நீ வேலைக்குப் போய்த் திரும்பும்வரை காத்திருந்து, உனக்குச் சோறு போட்டு, நீ சொல்லும் கதைகளைக் கேட்டுக்கொண்டு இருக்கலாம். அது எனக்கு எவ்வளவு பெரியது என்று உனக்கு எழுதிக் காட்ட முடியாது. ஆனால் அந்த வீட்டில் உட்கார்ந்து நீ சொல்லும் கதைகளுக்கு நான் "ஆங்" போட முடியாது தம்பி. அந்த அக்காவின் கையை நினைத்துக்கொண்டு நான் அங்கே சமைக்க மாட்டேன். வேலை போனால் ஊருக்கு வா. ஆவணியில் எனக்கு ஃபங்ஷன் வந்துவிடும், உனக்கும் வேறு ஏதாவது கிடைக்கும். வேலை போகாமல் இருந்தால், மறுநாள் அந்தப் பெண்கள் வரிசையில் நிற்கும்போது அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று பார். அது உன் வேலையில் சேருமா சேராதா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இதுவரை எழுதியது நேற்று. எழுதிவிட்டுப் படுத்தும் மனம் ஆறவில்லை. உன்னை மட்டும் போய் நில், பேசு என்று சொல்லிவிட்டு நான் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே இருப்பது சரியாகப் படவில்லை. காலையில் பள்ளிப்பட்டு பஸ் ஏறினேன். காவடி முடித்துத் திரும்புகிறவர்கள் பஸ் முழுக்க இருந்தார்கள். கம்பெனி பஸ் நிற்கும் இடத்தை விசாரித்து இறங்கி, டீக்கடை முன்னால் வெகுநேரம் நின்றேன். கடைக்காரரே பார்த்துவிட்டு, "யாரு மா வேணும்?" என்றார். சரோஜாக்கா என்றேன். "கை ஒடஞ்ச சரோஜாவா? அந்தத் தண்ணி டேங்க் பின்னாடி" என்றார்.

அவர் வாசலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எந்தூரு மா நீ?" என்று கேட்டார். நான் உன் பெயரைச் சொல்லி, அவனுடைய அக்கா என்றேன். அவர் கீரையை வைத்துவிட்டு என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"மெஷின் பையன் அக்காவா? யார் அனுச்சாங்க உன்ன? உங்க தம்பியா, அந்த காண்ட்ராக்டரா?"

"யாரும் அனுப்பல. நானாதான் வந்தேன்."

"எதுக்கு?"

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது அத்தனையும் போய்விட்டது. நின்றுகொண்டே இருந்தேன். அவர் முகத்தில் வந்து விழுந்த முடியை முழங்கையால் ஒதுக்கினார். முடி முழுக்கச் சிக்குப் பிடித்து, ஒரு ரப்பர் பேண்டில் கோணலாகக் கட்டியிருந்தது.

"கட்டு போட்டதுலேர்ந்து தல வாரல. சீப்பு அந்த ஜன்னல்ல கீது" என்றார்.

எடுத்துவந்து, சிக்கெடுத்துப் பின்னிவிட்டேன்.